கடைசிப் பக்கத்தில் பேச்சிக்கனி எழுதியது

குதிரை தண்ணீர் குடித்ததிலிருந்துதான் ஆவாரங்குளத்துக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள் என்பதால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். ராசகுமாரன் ஒருவனைச் சுமந்துகொண்டு நாற்பது பக்கமாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் குதிரை, ஆவாரங்குளம் கிளை நூலகத்துப் பிரதியில் மட்டும், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு குளத்தைக் கண்டு நின்று, பின்னால் எதிரிப் படை வருவதையும் மேலே இருப்பவன் அதட்டுவதையும் சட்டை செய்யாமல், மூன்று பக்கத்துக்கு மடமடவென்று தண்ணீர் குடித்தது. அந்த மூன்று பக்கங்களும் ஓரத்தில் ஈரமாக இருந்தன என்று நூலகர் சூசைமாணிக்கம் வெயிலில் காயவைத்தார்.

காரணம் கேட்டால் யாரும் ஆராய்ச்சிக்குப் போகமாட்டார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் முந்தின வாரம் பேச்சிக்கனி பென்சிலால் எழுதியிருந்தாள்: "கதை நன்று. ஆனால் நாற்பது பக்கமாகக் குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை. இவன் எப்படி நாட்டை ஆளப்போகிறான்?" குதிரை அதைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

பேச்சிக்கனிக்கு நாற்பத்தொரு வயது. பால் சங்கத்தில் பரிசோதகர். விடிந்ததும் ஊரார் கேனோடு வரிசையில் நிற்பார்கள், அவள் பால்மானியைப் பாலில் மிதக்கவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்து, "நல்ல பால்" என்றோ "தண்ணி" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லுவாள். சொந்தச் சித்தப்பாவின் பாலையே தண்ணி என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் என்பதால் அந்த வார்த்தைக்கு மேல் அப்பீல் கிடையாது. காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே கிடக்கிற நீண்ட பகலை அவள் நூலகத்தில் கழித்தாள். சமூக நாவல், சரித்திர நாவல், மர்ம நாவல் என்று ஒன்றையும் விடாமல் படித்து, முடித்த புத்தகத்தின் கடைசித் தாளில் நாலு வரி அபிப்பிராயம் எழுதி, கீழே "பே.க." என்று போட்டு வைப்பாள். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாதுதான். ஆனால் ஆவாரங்குளத்தில் புத்தகம் எடுப்பவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததே இல்லை, நேரே கடைசித் தாளுக்குப் போய் "கனி என்ன சொல்லுதா?" என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்வார்கள். அதனால் சூசைமாணிக்கமும் கண்டுகொள்ளாமல் இருந்தார்.

அடுத்ததாக நடந்தது சமையல்காரர் விஷயம். மலைத்தோட்டத்துப் பங்களா ஒன்றில் முதலாளி செத்துக்கிடக்க, நூற்றுத்தொண்ணூறு பக்கம் துப்பறிந்து, கடைசியில் சமையல்காரனே கொலைகாரன் என்று முடிகிற நாவல் அது. பேச்சிக்கனி கொதித்துப்போய் எழுதினாள்: "இவ்வளவு நேரமும் வாயே திறக்காமல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவனைக் கடைசிப் பக்கத்தில் இழுத்துவந்து விலங்கு மாட்டுவது அநியாயம். எழுதியவருக்கு ஆள் கிடைக்கவில்லை, ஏழை கிடைத்தான்." அதற்குப் பிறகு அந்த நாவலை எடுத்துப்போனவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் வன்னியப்பன். மறுநாளே திரும்பி வந்தார்.

"சமையக்காரனா? அவம் போலீஸ்காரங்களுக்கு உருளைக்கிழங்கு பொரிச்சு வச்சிக்கிட்டுல்லா இருக்கான். கொன்னது தம்பிக்காரன். அதும் பதினெட்டாம் பக்கத்துலயே செருப்பு ஈரம்னு ஒரு துப்பு கிடக்கு, பாத்தீயளா?"

சூசைமாணிக்கம் பார்த்தார். போன மாதம் அவரே படித்தபோது இல்லாத ஈரச்செருப்பு பதினெட்டாம் பக்கத்தில் வாசலோரம் கிடந்தது.

அதற்கப்புறம் பக்கத்துக்குப் பக்கம் அழுதுகொண்டிருந்த ஒரு சமூக நாவல் கதாநாயகி, "இவள் கண்ணீரில் ஒரு வயல் நாற்று நடலாம், ஒரு வேலைக்குப் போனால் என்ன?" என்ற அபிப்பிராயத்துக்குப் பணிந்து ஏழாம் அத்தியாயத்தில் தையல் கற்றுக்கொண்டாள். துப்பறிவாளர் ஒருவர் சிகரெட்டை விட்டார். ஊர் இதையெல்லாம் எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், பஞ்சாயத்தில் புதிதாகக் குழாய் போட்டதுபோல இருந்தது. முதல் வாரம் வேடிக்கை, இரண்டாம் வாரம் வரிசை, மூன்றாம் வாரம் சண்டை. சூசைமாணிக்கம் கடமை தவறாதவர் என்பதால் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, நூல்களில் உள்ளடக்கம் தானாக மாறிவருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். பக்க எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பதில் வந்தது. குறையவில்லை என்று எழுதினார். அத்தோடு கோப்பு மூடப்பட்டது.

பிறகு மனுக்கள் வர ஆரம்பித்தன. பீடி சுற்றும் பெண்கள் ஆறுபேர் சேர்ந்து வந்து, இரண்டாம் பாகத்தில் செத்துப்போகிற ஒரு தாயைப் பிழைக்கவைக்கச் சொன்னார்கள். சங்கத் தலைவர் தன் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்து நாலு நல்ல வார்த்தை கேட்டார். "வாழ்த்துரை எழுதியவர் இந்த நூலைப் படிக்கவில்லை" என்று அவள் எழுத, வாழ்த்துரையின் கீழிருந்த பெயர் மறுநாள் காணாமல் போனது. நெருங்கினால் சுடும், விலகினால் குளிரும் என்கிற கதையாகத் தலைவர் அதன் பிறகு அவளிடம் ஒரு கூடுதல் மரியாதையோடு தள்ளியே நின்றார்.

ஒரே ஒரு முறைதான் அவள் வழுக்கினாள். வன்னியப்பன் கெஞ்சுகிறாரே என்று, பாதிகூடப் படிக்காத ஒரு துப்பறியும் நாவலுக்கு "விறுவிறுப்பு, அவசியம் படிக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் புத்தகத்தைத் திறந்தால், திரிந்த பால்போல, எழுத்தெல்லாம் கட்டிகட்டியாகப் பிரிந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தங்கியிருந்தது, மேலே வெறும் தண்ணீர் நிறத்தில் காகிதம். படிக்காமல் சொன்னாலும், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைச் சொன்னாலும் புத்தகம் கெட்டுப்போகும் என்று ஊருக்கே அன்றைக்குத் தெரிந்தது. பேச்சிக்கனி அந்தப் புத்தகத்தின் விலையைக் கட்டிவிட்டு, இனி யாருக்காகவும் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அப்படிச் சொன்ன பிறகுதான் ஆவுடைத்தங்கம் வந்தாள்.

பங்குனி முடிய இன்னும் பத்து நாள். உச்சிப்பொழுது. நூலகத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆவுடைத்தங்கம் வாசற்படியில் செருப்பைக் கழற்றி, உள்ளே வரலாமா என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். ஐம்பத்தெட்டு வயது. ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைப்பவள். தினம் காலையில் அவள் கேனில் பால்மானியைப் போட்டு "நல்ல பால்" என்று சொல்லுவது பேச்சிக்கனிதான், அதற்கு மேல் இருபத்திரண்டு வருஷமாக இருவரும் பேசிக்கொண்டதில்லை. பேச்சிக்கனி மட்டுமல்ல, ஊரில் யாருமே அவளோடு பேசியதில்லை.

ஏனென்றால், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி வெயிலில் அவள் புருஷன் சடையாண்டி காட்டிலிருந்து வந்து, நடையில் உட்கார்ந்து, மோர் கேட்டு, அவள் கையால் வாங்கிக் குடித்து, செம்பைக் கீழே வைக்குமுன் சுவரில் சாய்ந்து செத்துப்போனான். டாக்டர் வந்து பார்த்து இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார், அழுதார்கள், எடுத்தார்கள், பதினாறு கும்பிட்டார்கள். அதே சமயத்தில்தான் நூலகத்துக்கு ஒரு மாதநாவல் வந்தது, அட்டையில் ஒரு செம்பும் வளையல் போட்ட ஒரு கையும். எங்கோ பட்டணத்தில் இருந்துகொண்டு, ஆவாரங்குளம் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாத யாரோ எழுதிய கதை. அதில் ஒரு மனைவி மோரில் விஷம் கலந்து புருஷனுக்குக் கொடுக்கிறாள். அந்தப் புத்தகம் ஒரே வருஷத்தில் வீடுவீடாகச் சுற்றிவந்தது. அடுத்த சித்திரையில், தாகத்தோடு போனவன் பேரில் தாகம் தீர்க்கவேண்டும் என்று ஆவுடைத்தங்கம் வாசலில் பந்தல் போட்டு மோர்ப்பானை வைத்தாள். ஒருவரும் குடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் முப்பது நாளும் அவள் பானை வைக்கிறாள், தெரு அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போகிறது, சாயங்காலம் மிஞ்சிய மோரை, அதாவது முழுப் பானையையும், வாசலோரக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள். கறிவேப்பிலைக்குப் புளித்த மோரைவிட உரம் உண்டா? அது ஓட்டுக்கு மேலே வேம்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஊரின் வெட்கம்கெட்டதனத்தையும் சொல்லத்தான் வேண்டும், எல்லா வீட்டு ரசத்திலும் அந்த மரத்து இலைதான் மிதந்தது.

"உள்ள வாங்க அத்தே" என்றாள் பேச்சிக்கனி.

ஆவுடைத்தங்கம் உட்காரவில்லை. "நீ எழுதுனா பொஸ்தகம் கேக்குதாம்லா. குதிரை தண்ணி குடிச்சுதாம்."

"ஆமா அத்தே."

"அந்தச் செம்புப் பொஸ்தகத்துல அந்தப் பொம்பளை வெசம் குடுக்காம இருக்கும்படியா ஒரு வரி எழுது. நான் அதைப் படிச்சதில்ல. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஆனா அதைப் படிக்க மனசு வரல." சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முட்டு தேஞ்சுபோச்சு, மாட்டைக் கட்டி இழுக்க முடியல. மக தூத்துக்குடிக்கு வான்னுட்டா. இந்தச் சித்திரையோட நான் போறேன். கேட்டியா, ஒரு ஆளாவது ஒரு வாய் குடிச்சாப் போதும். இல்லேன்னா நான் போனதுக்கப்புறமும் பழி இங்கனயே நிக்கும்."

யாருக்காகவும் எழுதுவதில்லை என்று சொல்ல வாயெடுத்த பேச்சிக்கனி, "பாக்கேன் அத்தே" என்றாள். அவள் போனபிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. செம்புப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தட்டுப் பக்கம் அவள் போவதில்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் பொய், நினைக்காமல் இருந்தாள் என்பதுதான் சரி.

எடுத்தாள். கடைசித் தாளைத் திருப்பினாள். பத்தொன்பது வயதுப் பேச்சிக்கனியின் குண்டுகுண்டு எழுத்து, வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் அபிப்பிராயம், அப்படியே இருந்தது: "அருமையான மர்மம். நம்ம ஊரிலும் இப்படித்தானோ?" விளையாட்டாக எழுதியது. எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்தது நினைவிருக்கிறது. அதற்குக் கீழே, வேறுவேறு கையெழுத்தில், பென்சிலிலும் பேனாவிலும், "ஆமாம்." "எனக்கும் அப்படித்தான் தோன்றியது." "மோர்!!" "ஆமாம்." "ஆமாம்." எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொரு பேர். மூன்றாவது ஆமாம் சூசைமாணிக்கத்தின் பச்சை மை. ஏழாவது வன்னியப்பன். அபிப்பிராயம் எழுதினால் கேட்டுக்கொள்வது இந்த வருஷம்தான் தொடங்கியது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. புத்தகங்கள் இப்போதுதான் கேட்கின்றன. ஊர் அப்போதே கேட்டுவிட்டது.

பேச்சிக்கனி அந்த நாவலை அங்கேயே உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள், ஒரு குறை கிடைக்காதா என்று ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்துப் படித்தாள். குறை இல்லை. அந்த மனைவிக்குக் காரணம் இருந்தது, துப்புகள் ஒழுங்காகக் கிடந்தன, செம்பு கைமாறும் இடத்தில் இப்போதும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் கொடுக்காமல் இருந்தால் அது வேறு கதை, நல்ல கதையும் இல்லை. இப்படி மனசில் நினைத்துக்கொண்டு வேறொன்றை எழுதினால் புத்தகம் திரிந்துபோகும். அழிப்பானை எடுத்துத் தன் வரியைத் தேய்த்துப் பார்த்தாள், பழைய காகிதம் கிழிய வந்ததே தவிர எழுத்து அசையவில்லை. நல்லவேளை அசையவில்லை என்றுதான் சொல்லவேண்டும், அழித்திருந்தால் அவளும் அத்தோடு தப்பித்திருப்பாள்.

மாலைப் பால் முடிந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆவுடைத்தங்கம் வீட்டுக்குப் போனாள். கறிவேப்பிலை மரத்தடியில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று, கடைசித் தாளைத் திறந்து நீட்டினாள்.

"அத்தே, இது என் எழுத்து."

ஆவுடைத்தங்கம் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். நம்ம. ஊரிலும். இப்படித்தானோ. முடிக்கிறவரை பேச்சிக்கனிக்கு ஒரு யுகம் கழிந்தது. படித்துவிட்டுக் கீழே இருந்த ஆமாம்களையும் விரல்வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"நீயாளா?"

"நாந்தான்."

"பாத்தியா, நான் கலந்ததை?"

"இல்ல."

"யாராச்சும் சொன்னாவளா?"

"இல்ல அத்தே. சும்மாதான் எழுதுனேன்."

"சும்மா" என்று ஆவுடைத்தங்கம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழவில்லை, வையவில்லை. "தெனமும் என் பாலைப் பாத்து நல்ல பால், நல்ல பால்னியே. அந்த வாயால ஒரு நாளு அத்தை நல்லவன்னு சொல்லிருக்கலாம்லா?"

பேச்சிக்கனியால் தலையைத் தூக்க முடியவில்லை. "குடிக்க ஒரு செம்பு மோர் தாங்க அத்தே" என்றாள், உண்மையாகவே தாகத்தில்.

ஆவுடைத்தங்கம் அசையவில்லை. "தர மாட்டேன். நீ குடிச்சிட்டு ஆறிப்போயிருவ. போ, போய் எழுது. எழுதிட்டு வா, தாரேன்."

மறுநாள் பகல் முழுக்க அவள் நூலகத்தில் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லாதவள் என்ற ஒரே பெயர்தான் அவள் சொத்து, அதை வைத்துத்தான் பால் சங்கத்தில் அவள் வார்த்தை நின்றது. எழுதினால் நாளைக்குத் தண்ணி என்று சொல்லும்போது, "நீ எழுதாத பொய்யா?" என்று எவனும் கேட்பான். எழுதாவிட்டால் அந்தக் கிழவி பானையைக் கவிழ்த்துவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஏறுவாள். சாயங்காலப் பாலுக்கு நேரமாகிவிட்டது என்று சூசைமாணிக்கம் இருமிக் காட்டியபோதுதான் பென்சிலை வைத்துவிட்டு, அவரிடம் பேனா கேட்டு வாங்கினாள். ஆமாம்களுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்:

"நாவல் இரண்டாம் முறையும் அருமை. ஒரு குறையும் இல்லை. குறை மேலே என் கையெழுத்தில் இருக்கிற வரியில். சடையாண்டி மாமா இருதயம் நின்று செத்தார். ஆவுடைத்தங்கம் அத்தை கொடுத்தது மோர். நான் பார்க்காமல், கேட்காமல், சும்மா எழுதினேன். இது கதை, நம்ம ஊர் இல்லை. சு. பேச்சிக்கனி, பால் பரிசோதகர்."

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? கனி செம்புப் புத்தகத்துக்கு எழுதிவிட்டாளாம் என்று மறுநாள் காலையிலேயே நூலகத்தில் கூட்டம். மோரில் விஷம் போய் வெல்லம் வந்திருக்குமா, புருஷன் பிழைத்திருப்பானா, துப்பறிவாளர் என்ன ஆவார் என்று ஆளுக்கொரு ஊகம். வன்னியப்பன் புத்தகத்தைப் பிடுங்கி மேசைமேல் ஏறாத குறையாக நின்று உரக்கப் படித்தார். மனைவி விஷம் கலந்தாள். புருஷன் குடித்தான். செத்தான். துப்பறிவாளர் கண்டுபிடித்தார்.

"ஒண்ணுமே மாறலையே!" என்று நாலுபேர் கத்தினார்கள்.

வன்னியப்பன் கடைசித் தாளைத் திருப்பினார். பேச்சிக்கனி எழுதியதையும் அதே தொண்டையோடு படிக்கத் தொடங்கி, "சும்மா எழுதினேன்" என்ற இடத்தில் குரல் இறங்கி, பிறகு தன் ஆமாமைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடாமலும் படிக்காமலும் நின்றார். அது கைமாறியது. ஒவ்வொருவரும் தத்தம் ஆமாமைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பீடிக்காரப் பெண்களில் ஒருத்தி, "எங்க அம்மை எழுத்து" என்று மெல்லச் சொன்னாள், அவள் அம்மை செத்து நாலு வருஷம். அன்றைக்கு ஆவாரங்குளத்தில் எந்த அதிசயமும் நடக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் பால் சங்கத்தில் எவனோ ஒருவன் கேட்கவும் செய்தான், "நீங்க எழுதாத பொய்யா?" என்று. "எழுதுனேன். அதான் சொல்லுதேன், இது தண்ணி" என்றாள் பேச்சிக்கனி. அவன் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சித்திரை பிறந்தது. ஆவுடைத்தங்கம் எப்போதும்போல நாலு கம்பு நட்டு, தென்னங்கீற்றுப் போட்டு, ஈரத்துணி சுற்றிய பானையை வைத்து, பெருங்காயமும் இஞ்சியும் தன் மரத்துக் கறிவேப்பிலையும் கிள்ளிப்போட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். காலைப் பால் முடித்து நேரே வந்த பேச்சிக்கனி முன்னால் போய் நின்றாள்.

"பால்மானி கொண்டு வந்திருக்கியா?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"இல்ல அத்தே."

"அப்பச் சரி" என்று செம்பை முக்கிக் கொடுத்தாள். பேச்சிக்கனி அண்ணாந்து குடித்தாள், கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. பாதியில் விக்கல் வந்து நின்று, மறுபடி குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. பின்னால ஆள் நிக்கி" என்றாள் ஆவுடைத்தங்கம்.

திரும்பிப் பார்த்தால் குடையைப் பிடித்துக்கொண்டு சூசைமாணிக்கம். அவருக்குப் பின்னால் வன்னியப்பன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் பீடிக்காரப் பெண்கள், சொந்தச் செம்போடு. தெரு முனைவரைக்கும் வரிசை நின்றது, பால் சங்கத்து வரிசை மாதிரியே, ஆனால் சத்தமில்லாமல். ஆவுடைத்தங்கம் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த இரண்டுபேரையும் "குடிங்க, வெயிலு" என்று நகர்த்திவிட்டாள். முதல் பானை பத்து மணிக்குத் தீர்ந்தது. உள்ளேபோய் இரண்டாவது கடைந்து கொண்டுவந்தாள், அது உச்சிக்கு முன்னே தீர்ந்தது.

சாயங்காலம் தெரு ஓய்ந்தபிறகு அவள் வழக்கப்படி பானையைத் தூக்கிக்கொண்டு கறிவேப்பிலை மரத்தடிக்குப் போய்க் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வெறும்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருபத்தொரு சித்திரையின் மோரையும் குடித்து வளர்ந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து வேரில் ஊற்றினாள்.

"இன்னைக்கு இதைக் குடி" என்று மரத்திடம் சொல்லிவிட்டு, நாளை மோருக்காகப் பாலுக்கு உறைகுத்த உள்ளே போனாள்.